மாப்பிள்ளையின் ரத்தம்

"மாப்பிள்ளை காதுக்கு இது போகக் கூடாதும்மா. கேட்டா இன்ஷூரன்ஸுக்குன்னு சொல்லிடுங்க. நானும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

பல்குத்தும் குச்சியை உதட்டோரம் ஒதுக்கிக்கொண்டு, பெண்ணைப் பெற்ற பெரியவர் கிசுகிசுத்தார். லேப் டெக்னீஷியன் முகத்தைச் சுளித்தாள்.

ரத்தத்தில் உள்ள ஆர்.என்.ஏ. அளவுகளை வைத்து, இதய நோயும் சர்க்கரையும் பின்னாளில் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் சோதனை அது. முன்கூட்டியே தெரிந்தால் காப்பாற்றலாமே என்று வந்தது. இந்த ஆள் அதைக் கொண்டு சம்பந்தம் பேசுகிறார்.

"அவர் சம்மதம் வேணுமே சார்?"

"உங்க முதலாளிகிட்ட பேசிட்டேன். பாரத்துல பத்தோட பதினொண்ணா சேர்த்துடுவாராம். யாரு படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுறா?"

மறுநாள் காலை வந்தவன் ஓங்குதாங்காக இருந்தான். பெயரைப் பளிச்சென்று சொன்னான். பிறந்த தேதியை மட்டும் ஃபோனைப் பார்த்துச் சொன்னான்.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசி பிடித்த கை கூசியது. "வலிக்கவே இல்ல மேடம்" என்று அவன் வெள்ளையாகச் சிரித்தபோது இன்னும் கூசியது.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. மோசம். பெரியவர் அதை நின்றபடியே படித்தார்.

"பார்த்தீங்களா, உள்ள பூரா சொத்தை! நல்லவேளை, தப்பிச்சேன்."

"அவர்கிட்ட சொல்லிடுங்க சார். இப்பவே டாக்டரைப் பார்த்தா..."

"அது அவன் தலையெழுத்து. எனக்கென்ன வந்தது?"

குச்சியைத் தரையிலேயே துப்பிவிட்டு, கல்யாணம் நின்றுவிட்டதாக யாரிடமோ ஃபோனில் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

அவளுக்கு மதியம் சோறு இறங்கவில்லை. கையை மூன்று தடவை கழுவியும் அருவருப்பு போகவில்லை. வேலை போனால் போகட்டும் என்று, பெரியவர் எழுதிக் கொடுத்திருந்த மாப்பிள்ளையின் நம்பரை அழுத்தினாள்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. நீங்க ரத்தம் குடுத்தது இன்ஷூரன்ஸுக்கு இல்ல. உங்களுக்கு ஹார்ட் அட்டாக், சுகர் வருமான்னு பார்க்கத்தான் உங்க மாமனார் ஏற்பாடு பண்ணார். ரெண்டுக்கும் ரிஸ்க் அதிகம்னு வந்திருக்கு. கல்யாணத்தை நிறுத்திட்டுப் போயிட்டார்."

பாவம், எப்படித் தாங்குவான் என்று நினைத்து அவசரமாகச் சேர்த்துச் சொன்னாள்.

"பயப்படாதீங்க சார். வந்தே தீரும்னு இல்ல. உடனே ஒரு டாக்டரைப் பாருங்க."

"ச்சே!" என்றது குரல். "ஆள் கல்லு மாதிரி இருக்கானேன்னு நம்பித்தானே மேடம், என் டிரைவரை அனுப்பி வெச்சேன்!"