முதல் பெஞ்சில் வெல்டர்

அந்த ஞாயிறும் வெல்டர் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மேடையில் இருந்த போதகர் சட்டென்று வேதப் புத்தகத்தில் கண்ணைப் பதித்துக்கொண்டார்.

வருஷக்கணக்காகக் கடைசி பெஞ்சே கதி என்று இருந்த மனிதர். மனைவியை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆனதும் முன்னால் வந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் போதகரையே பார்க்கிறார்.

போதகர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த அம்மா புற்றுநோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "அடுத்த மாதம் இந்தச் சகோதரி தன் காலால் நடந்து சபைக்குள் வருவாள்" என்று மேடையில் நின்று அடித்துச் சொன்னவர் அவர்தான். சபையே ஆமென் சொன்னது.

அடுத்த மாதம் அந்த அம்மாவை நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

வெல்டர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் போதகரை அரித்தது. நாலு பேர் முன்னால் கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏதாவது வாய் தவறிச் சொன்னா பிடிச்சுக்கலாம்னு உட்கார்ந்திருக்கார்" என்றார் போதகர் தன் மனைவியிடம். துக்கத்தில் இருக்கிற மனுஷனை அப்படிச் சொல்லாதீங்க என்றாள் அவள். அவர் காதில் ஏறவில்லை. பிரசங்கத்தில் 'விசுவாசம்' என்று வரும்போதெல்லாம் நாக்கு தடுமாறியது. நோயாளிகளுக்கான ஜெபத்தைப் பெயர்ப் பட்டியலாக வாசித்து, அவசரமாக முடித்தார்.

நாலாவது வாரம் சபைச் செயலாளர் ஒரு செய்தி கொண்டுவந்தார். போதகர் வீட்டில் எப்போது தனியாக இருப்பார் என்று வெல்டர் விசாரித்தாராம். மேலிடத்துக்குப் புகார் எழுதுவது பற்றியும் கேட்டாரா என்றார் போதகர். அது தெரியாது என்றார் செயலாளர்.

செவ்வாய்க்கிழமை மதியம், மனைவி கடைக்குப் போயிருந்த நேரம், கதவு தட்டும் சத்தம். வெல்டர்தான். வேலை உடுப்போடு, சட்டையெல்லாம் தீப்பொறி பட்ட பொத்தல்களோடு நின்றார்.

உட்காரச் சொல்லவும் மறந்து, போதகர் நாலு வாரமாக மனதுக்குள் உருப்போட்டதை ஒப்பித்தார். தான் விசுவாசத்தில்தான் சொன்னதாகவும், ஆண்டவருடைய சித்தம் வேறாக இருந்ததாகவும், அவரைக் கேள்வி கேட்க நாம் யார் என்றும் சொல்லிக்கொண்டே போனார். வெல்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் சண்டைக்கு வரலீங்க ஐயா" என்றார் கடைசியில். "அவ போன மறு ஞாயிறு நீங்க பிரசங்கம் பண்ணீங்க. வார்த்தையெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா உங்க மனசு அதுல இல்ல. கடைசியில உட்கார்ந்ததால எனக்குத்தான் அப்படித் தோணுதோன்னு முன்னாடி வந்தேன்."

போதகர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டுல ஜெபம் பண்றீங்களா ஐயா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பார். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அடக்கத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட முழங்கால் போடவில்லை என்றார். அந்த அம்மாவுக்காக உயிரைக் கொடுத்துக் கேட்டும் கிடைக்கவில்லை, இனி ஆண்டவரிடம் போய் என்ன பேச என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். கட்டிய மனைவிக்கே தெரியாத விஷயம் அது.

வெல்டர் அதிர்ச்சி அடையவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் முழங்கால் போட்டார்.

"எனக்கு அவ ஒருத்திதான் போனா ஐயா. ஆண்டவர் என்கூடத்தான் இருக்கார். உங்களுக்கு ஆண்டவரே போயிட்ட மாதிரி தெரிஞ்சுது. அதான் நாலு வாரமா உங்களுக்காக ஜெபம் பண்ணிட்டிருக்கேன்."