மாமன் எடுத்துக்கொண்ட தேதி

"உன் அண்ணன் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு இங்கன வந்து நிக்காரு?"

நாத்தனார் சண்முகசுந்தரி சத்தமாகவே கேட்டாள்.

"பைய மதினி. அண்ணனுக்குக் கேட்டுரும்," என்றாள் விஜயஸ்ரீ.

"கேக்கட்டும்! அதான் காதைச் சரிபண்ணிக்கிட்டாருல்ல!"

ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசியில் நின்றிருந்த சிவகணேஷ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

விஜயஸ்ரீயின் மகள் கோமதியின் காதுக்கட்டை இன்றைக்குப் பிரிக்கப்போகிறார்கள்.

கோமதிக்குப் பிறவியிலேயே காது மந்தம். நடுக்காதில் அரிசிமணி அளவு எலும்பு ஒன்று அசையாமல் ஒட்டிக் கிடக்கிறது, பரம்பரையாக வருவது என்று டாக்டர் டெபோரா சொல்லியிருந்தார். தாய்மாமன் சிவகணேஷுக்கும் அதே குறைதான்.

கோடை விடுமுறையில் கோமதிக்கு ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள். அதற்கு முந்தின வாரம் சிவகணேஷ் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்தார். டாக்டரைத் தனியாகப் பார்த்தார். "பிள்ளைக்குப் பொறவு பாத்துக்கிடலாம்," என்று சொல்லிவிட்டு, அந்தத் தேதியில் தன் காதுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார்.

அன்றோடு விஜயஸ்ரீ அண்ணனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். கோமதிக்கு இப்போது காலாண்டு விடுமுறையில்தான் ஆபரேஷன் நடந்தது.

"கோமதி! உள்ள வாங்க," என்றார் நர்ஸ்.

சிவகணேஷ் வாசலோடு நின்றுகொண்டார்.

டாக்டர் காதிலிருந்த பஞ்சை மெல்ல உருவினார். மற்றக் காதைப் பொத்தி, பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்று, காற்றுக் குரலில் கேட்டார்: "காலையில என்ன சாப்பிட்ட?"

விஜயஸ்ரீக்கே அது அரைகுறையாகத்தான் கேட்டது.

"இடியாப்பம்," என்றாள் கோமதி.

விஜயஸ்ரீ எழுந்தேவிட்டாள்.

"அம்மா, இந்த ஃபேன் சத்தம் போடுதும்மா! எல்லா ஃபேனும் போடுமா?"

"ஏட்டி, அத்தை பேசுதது கேக்குதா?" சண்முகசுந்தரி வழக்கம்போல் கத்தினாள்.

"கத்தாதீங்க அத்தை, காது வலிக்கி!"

அறையே சிரித்தது. சண்முகசுந்தரி சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தச் சந்தோசம் கோடையிலயே கிடைச்சிருக்கும் டாக்டர். இவ மாமன்தான் இடையில புகுந்து முந்திக்கிட்டாரு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?" என்றாள் விஜயஸ்ரீ.

"இந்த ஆபரேஷன்ல அபூர்வமா, இப்ப கேக்குற கொஞ்சமும் போயிரலாம்னு உங்ககிட்ட சொன்னதைத்தான் அவர்கிட்டயும் சொன்னேன். 'ரெண்டு பேருக்கும் ஒரே குறைதான?'ன்னு கேட்டார். ஆமான்னேன். 'காது குத்துறதுக்கே தாய்மாமன் மடியிலதான் பிள்ளைய உக்கார வைப்பாங்க டாக்டர். முதல்ல என் காதைத் திறந்து பாருங்க'ன்னுட்டார்."