மூன்றாவது கேமரா

ஓசூரில் ஃபேக்டரி விபத்தில் செத்தவனின் வீட்டுக்கு எதிர்மாடியில், கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சுபாஷ். கேமராவின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்க, கேமராவுக்கு ஒன்றாக மூன்று கேப்சர் கார்டு. உள்ளூர் கேபிள் சேனலில் இறுதி ஊர்வலம் நேரடி ஒளிபரப்பு. மூன்றாவது கேமராவின் படம் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"பொண்டாட்டி அழுவுறது அதுலதான்யா வரும்! மாலையும் கூட்டமும் எவன் பாப்பான்?" போண்டாவை மென்றபடி கத்தினார் சேனல் முதலாளி ஜெகதீஷ்.

சுபாஷுக்கு அவரைவிட, கீழே அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டிக்கொண்டு நின்ற மூன்றாவது கேமராக்காரன் சம்பங்கியின் முதுகைப் பார்க்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இவனெல்லாம் ஒரு மனுசனா?

"கார்டு போயிருக்கும் சார்."

கார்டை மாற்றினான். கறுப்பு. வேறு ஸ்லாட்டில் போட்டான். அப்போதும் கறுப்பு.

"தள்ளுடா!" ஜெகதீஷ் எண்ணெய்க் கையோடு பின்பக்கம் துழாவினார். "த்தூ! ஒயரே லூசா கெடக்குது. இதப் பாக்கத் துப்பில்ல உனக்கு!" அழுத்திச் செருகினார்.

காலையிலிருந்து ஒவ்வொரு முறையும் அதைப் பட்டும் படாமல் செருகி வைத்தவன் சுபாஷ்தான். இனி ஊரே வேடிக்கை பார்க்கும். கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோதும் திரை கறுப்பாகவே இருந்தது.

"கேமராவுலதான் கோளாறு. போய்ப் பாருடா!"

சுபாஷ் கீழே ஓடினான். "என்னண்ணா ஆச்சு?"

சம்பங்கி திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"லென்சு மூடிய நான் கழட்டவேயில்லடா. கார்டு போச்சுன்னே சொல்லு, போ."