நாற்பத்தோராவது வீடு

நாற்பதாவது வீட்டிலிருந்தும் திட்டு வாங்கிக்கொண்டு மேலாளர் போனை வைத்தார். பட்டியலில் அந்த எண்ணின் மேல் ஒரு கோடு போட்டார். மிச்சம் ஒரே ஒரு எண்.

"திட்டுறவங்களைக்கூட சமாளிச்சிடலாம். இந்த ஒரு வீட்டுல போனே எடுக்க மாட்டேங்கிறாங்க, அதான் பயமா இருக்கு. நேரா கோர்ட்டுக்குப் போறாங்களோ என்னவோ."

எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், முப்பத்தோரு வருடமாக அங்கே அசெம்பிளர் என்ற பழைய கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்; அலுவலகம் முழுவதற்கும் அவர் 'அக்கா'. இன்னொருவர், அக்கா எழுதுவதைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் 'சோடாபுட்டி'. கண்ணாடியின் கனத்தால் வந்த பெயர்.

பதினெட்டு வயது நிறைகிறவர்களுக்கு, அடையாள அட்டை வாங்க வரச் சொல்லி அந்தப் பதிவு அலுவலகம் மாதாமாதம் கடிதம் அனுப்பும். இந்த மாதம், எப்போதோ இறந்துபோன நாற்பத்தோரு பிள்ளைகளுக்கும் அது போய்விட்டது. 'பிறந்தநாள் வாழ்த்துகள். நேரில் வரவும்.'

"எனக்குப் புரியற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா," என்றார் மேலாளர். "பன்னிரண்டு மணிக்கு அறிக்கை மேல போகணும். அதுல ஒரு பேர் இருக்கணும்."

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்த புரோகிராம் நம்ம பெரிய கம்ப்யூட்டர், மெயின்பிரேம்ல, கீழ் மெமரியிலதான் ஓடிட்டிருந்துச்சு. அங்க இடம் போதலைன்னு மேல் மெமரிக்கு மாத்தச் சொன்னீங்க. ஒவ்வொரு ஆளோட பதிவும் எங்க இருக்குன்னு சொல்ல ஒரு முகவரி உண்டு, நாலு பைட். அந்தக் காலத்து மெஷின் மூணு பைட்டைத்தான் பார்க்கும், மேல் பைட் சும்மா கிடக்கும். அதை ஏன் வீணாக்கணும்னு, இறந்தவங்களுக்கு அதுல ஒரு குறி வெப்போம். குறி இருந்தா கடிதம் அச்சாகாது."

"மேல போனா?"

"மேல முகவரி முழுசையும் மெஷின் பார்க்கும். குறியையும் முகவரின்னு நினைச்சு எங்கயோ போய் விழுந்துடும். அதனால மேல் பைட்டைத் துடைக்கணும். துடைச்சேன்."

"அந்தக் குறியை வேற ஒரு இடத்துல எடுத்து வெச்சிருக்கணும். சரி, முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவை மறக்கிறது மனுஷ சுபாவம். ஆனா சோதனை பண்றவர் எதுக்கு இருக்கார்? கண்ணாடி துடைக்கவா?"

நிஜமாகவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சோடாபுட்டி அவசரமாக அதை மாட்டிக்கொண்டார். "அக்கா எடுத்துக் குடுத்த நூறு பேரை வெச்சுதான் சோதிச்சேன் சார். அதுல ஒருத்தர்கூட சாகலை."

"ரெண்டு பேரைச் சாகடிச்சுப் பார்த்திருக்கணும்யா!" என்ற மேலாளர், சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அடங்கிப்போனார்.

பிறகு பேனாவைத் திறந்தார். "நல்லவேளை, பதிவுகள்ல யாரும் கை வைக்கலை. ஒரே ஒரு பதிவைத் தொட்டிருந்தாக்கூட, தொட்டது யாருன்னு மெஷின் எழுதி வெச்சிருக்கும். இது வெறும் கவனக்குறைவு." அறிக்கையில் சோடாபுட்டியின் பெயரை எழுதினார். "வேலை தங்கும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாதுப்பா."

சோடாபுட்டி கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல முழங்காலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

போன் அடித்தது. மேலாளர் அதை அக்கா பக்கம் தள்ளினார். "அந்த வீடாத்தான் இருக்கும். அக்கா, நீங்க எடுங்க."

அக்கா எடுத்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில், "இல்லம்மா... இனிமே வராது," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

"யாரு?"

"காலையில நம்மளைத் திட்டின ஒரு அம்மா. கோபத்துல கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டாங்களாம். இன்னொண்ணு கிடைக்குமான்னு கேட்டாங்க."

மேலாளர் அறிக்கையில் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

"இவர் பேர் வேண்டாம் சார்," என்றார் அக்கா. "அந்த இன்னொரு வீடு கோர்ட்டுக்குப் போகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கடிதம் எங்க வீட்டு மேசை மேல இருக்கு."

சோடாபுட்டி நிமிர்ந்தார். ஏழு வருடங்களுக்கு முன், அக்காவின் மகள் இறந்த அன்று, அந்த வீட்டு வாசலில் நாள் முழுக்க நின்றவர் அவர். "அக்கா... பாப்பாவுக்கா?"

"செவ்வாய்க்கிழமையோட பதினெட்டு," என்றார் அக்கா.

மேலாளர் இந்த அலுவலகத்துக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எழுந்து நின்றுவிட்டார். "எனக்குத் தெரியாதுக்கா. நாற்பது வீட்டுக்கு மன்னிப்பு கேட்டேன், எதிர்ல உக்காந்திருக்கிற உங்ககிட்ட கேட்கலையே. இப்படித் தப்பா ஒரு கடிதம், அதுவும் உங்க வீட்டுக்கா வரணும்?"

அக்கா அறிக்கையைத் தன் பக்கம் திருப்பி, சோடாபுட்டியின் பெயரை அடித்தார்.

"தப்பா வரலை சார். வரட்டும்னுதான் குறியை எடுத்து வெக்காம துடைச்சேன்."