ஓடாத எலியின் ஓட்டம்

கூண்டுக்கு மேலே தொங்கிய கேமராவுக்கு, கீழேயிருந்த வெள்ளெலிதான் உலகம். எலியின் அசைவை அது படம் பிடிக்கும், கணினி குறித்துக்கொள்ளும். ஒருநாள் முழுக்க அசையாத எலியை ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

அன்று எலி மூலையில் சுருண்டுகொண்டது.

"எழுந்திருடி, கொஞ்சம் நட" என்று கேமரா கெஞ்சியது.

"முடியலைண்ணே. காலெல்லாம் வலி. இன்னிக்கு மட்டும் தூங்கிக்கறேனே."

கேமரா சற்று யோசித்தது. பிறகு தன் கழுத்தை மெல்ல ஆட்டத் தொடங்கியது. படத்தில் எலியும் ஆடியது.

"அடேயப்பா, என்ன ஓட்டம்!" என்று குறித்துக்கொண்டே வந்த கணினி திகைத்தது. "ஆமா, கூண்டுல மாட்டியிருக்கிற தண்ணி பாட்டிலும் கூடவே ஓடுதே?"

"அவளுக்குத் தாகம் எடுக்குமில்ல? நீ எழுது" என்றது கேமரா.

எலி கண்விழிக்கும்வரை அது ஆட்டத்தை நிறுத்தவில்லை.