எட்டு பைப்பு

"ஏனுங்க சார், அந்த எட்டு பைப்பை மட்டும் நிறுத்திப்போடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் கோமளா.

கிருபாசங்கருக்கு உச்சி குளிர்ந்தது. துடியலூரில் இருக்கும் அந்த பம்ப்செட் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. பில்லிங் கோமளா ஒருவரைப் புகழ்ந்து பேசி அவர் கேட்டதே இல்லை.

மூன்று மாதம் முன்பு கம்பெனி புது சாஃப்ட்வேர் வாங்கியது. ஆர்டர், ஸ்டாக், பில் என்று பதினெட்டு வருட விவரம் பழையதிலிருந்து புதியதற்குப் போக வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் மூன்று நாள் ஆகும் என்று விற்றவர்களே கைவிரித்தார்கள். கிருபாசங்கர் அதை எட்டாகப் பிரித்து, எட்டு வழியில் ஒரே நேரத்தில் அனுப்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார்.

"ஒரு பைப்புல எறைக்கிற தண்ணியை எட்டு பைப்புல எறைச்சேனுங்க" என்று அவர் விளக்கியது பம்ப் கம்பெனிக்காரர்களுக்கு உடனே புரிந்தது. பெயரும் நிலைத்துவிட்டது.

விட்டுப்போனது ஏதாவது இருந்தால் வந்து சேரட்டும் என்று மூன்று மாதம் பழையதை மூடாமல் வைத்தார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எட்டு பைப்பும் ஓடும். வேறு யாரையும் நம்பாமல் தன் பெயரில், தன் லாகினிலேயே ஓட்டினார். பச்சை விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார். அதற்கு மேல் பார்த்தால் தன் திறமையைத் தானே சந்தேகப்பட்டதாக ஆகும் என்பது அவர் கட்சி.

இன்று கெடு முடிகிறது. பதினோரு மணிக்கு முதலாளி அரங்கசாமி முன்னிலையில் பழையதை நிரந்தரமாக மூட வேண்டும். அது நல்லபடியாக முடிந்தால் சூலூர் ஃபேக்டரிக்கும் அவரே மேனேஜர். விசிட்டிங் கார்டு எப்படி இருக்க வேண்டும் என்று மனைவி லோகப்பிரியாவிடம் வரைந்து காட்டியாகிவிட்டது.

"எல்லாந்தான் புதுசுக்கு வந்துபோச்சேக்கா. இனிமேல் பைப்பு எதுக்கு?"

"இருக்கட்டுமுங்க. தீபாவளி வரைக்குமாச்சும் இருக்கட்டும். ஸ்டோர்ஸ் ரசாக் பாயும் அதையேதான் சொல்றாருங்க."

"புதுசு எப்படி இருக்குதுங்கக்கா? சிரமம் ஏதாச்சும்?"

"ஒரு சிரமமும் இல்லீங்க சார். அது இருக்கறதே தெரியறதில்லீங்க."

"அதுதானுங்க நல்ல சாஃப்ட்வேருக்கு அழகு" என்று சொல்லிவிட்டு முதலாளி அறைக்கு நடந்தார் கிருபாசங்கர். முப்பத்திரண்டு பேருக்கும் பாஸ்வேர்டைத் தனித்தனிக் கவரில் ஒட்டி, ஆளுக்கொன்றாகக் கொடுக்கச் சொல்லிக் கோமளாவிடம்தான் தந்திருந்தார். மூன்று மாதத்தில் ஒருவர்கூடப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அவரிடம் வரவில்லை. எந்தக் கம்பெனியிலும் நடக்காத அதிசயம் அது. அதற்கும் காரணம் தான்தான் என்று அவர் மனதார நம்பினார்.

அரங்கசாமி தன் போனில் புது சாஃப்ட்வேரைத் திறந்து காட்டினார். "தம்பி, கொடுமுடி டீலருக்கு எத்தனை மோட்டார் போச்சுன்னு தட்டுனா வந்துருதுங்க. ஒரு தப்பு இல்லை. எப்படி நம்ம ஆளுங்களை இத்தன சீக்கிரம் பழக்குனீங்க?"

"ட்ரெய்னிங் அப்படிங்க சார். அவங்க மனசறிஞ்சு சொல்லிக்குடுத்தேனுங்க."

இப்போது இந்தக் கதையை அவரே சொல்லும்போது, அந்த ட்ரெய்னிங் மொத்தமே அரை மணி நேரம் என்பதையும், அதில் இருபது நிமிடம் எட்டு பைப்பின் பெருமைக்கே போய்விட்டது என்பதையும் மறைப்பதில்லை.

"மூடறதுக்கு முன்னாடி ஒண்ணுங்க தம்பி. புதுசுல யாரு அதிகமா பில்லு போட்டிருக்காங்களோ, அவங்களுக்கு ஒரு பரிசு." மூலையில் ஒரு டேபிள் டாப் கிரைண்டர் பெட்டி இருந்தது. "பேரு எடுக்க முடியுமுங்களா?"

"ஒரே நிமிஷமுங்க சார். எல்லாரையும் கூப்பிடுங்க, அவங்க முன்னாடியே எடுத்துப்போடலாம்."

கூப்பிடச் சொன்னது முதலாளி அல்ல, இவர்தான்.

ஆட்கள் வந்து நின்றார்கள். கோமளா கிரைண்டரைப் பார்த்தார். பிறகு ரசாக்கைப் பார்த்தார். ரசாக் விட்டத்தைப் பார்த்தார்.

"பரிசெல்லாம் வேண்டாமுங்க சார்" என்றார் கோமளா, மெதுவாக.

"கூச்சப்படாதீங்கக்கா. உழைச்சவங்க பேரு நாலு பேருக்குத் தெரியோணுமில்ல."

சுவரில் இருந்த பெரிய டிவியில் புது சாஃப்ட்வேரைத் திறந்தார் கிருபாசங்கர். மூன்று மாத பில்கள், போட்டவர் பெயர்வாரியாக. முப்பத்திரண்டு பெயர்கள் வரும், முதலில் கோமளா நிற்பார் என்று எதிர்பார்த்துப் பட்டனைத் தட்டினார்.

ஒரே ஒரு வரிதான் வந்தது. கிருபாசங்கர்: 11,846 பில்கள்.

அரங்கசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நாங்க எப்பவும்போலப் பழசுலயே பில்லைப் போட்டுட்டு ஊட்டுக்குப் போயிருவமுங்க. ஆறு மணிக்கு சார் பைப்பு அத்தனையும் புதுசுல கொண்டுபோய்ச் சேர்த்துப்போடுமுங்க" என்ற கோமளா, பாஸ்வேர்டு கவர்கள் முப்பத்திரண்டையும் ஒட்டிய பசை பிரியாமல் மேசைமேல் வைத்தார்.

அரங்கசாமி கண்ணாடியைக் கழற்றினார். "கிரைண்டர் உங்களுக்குத்தானுங்க தம்பி. சூலூரைப் பத்தி மாவாட்டி முடிச்சுட்டுப் பேசலாமுங்க."