குஞ்சுக்கு வைத்த பெயர்

அருங்காட்சியக வாசலில் நின்ற ஆளுயரப் பெங்குயின் பொம்மையின் பெயர்ப்பலகையை ஊழியர் ஒருவர் கழற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அங்கே வந்த தாய் ஒருத்தி நடையை எட்டிப்போட்டாள். ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்து தன் மகளின் பெயர்தான்.

மகள் கல்லூரியில் படிக்கும்போது பாறையிலிருந்து ஒரு சின்ன எலும்பைத் தோண்டியெடுத்திருந்தாள். என்றோ அழிந்துபோன குட்டைப் பெங்குயின் என்றார்கள். அவள் விபத்தில் இறந்தபோது அந்தப் புது இனத்துக்கு அவள் பெயரையே வைத்தார்கள். இப்போது அப்படி ஓர் இனமே இல்லையாம்!

ஆராய்ச்சியாளரின் அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தாள்.

"ஐயா, அவ பேரைச் சொல்ல எனக்குப் பேரன் பேத்தியா இருக்கு? இந்த ஒரு பறவைதான். அது ஒரு தடவை அழிஞ்சது போதாதா?"

"உக்காருங்கம்மா. அது குட்டை இனம் இல்ல. வாசல்ல நிக்குதே பெரிய பெங்குயின், அதோட குஞ்சு. ஒரே இனத்துக்கு ரெண்டு பேர் இருக்கக் கூடாது."

"எவன் கண்டுபிடிச்சான் இதை?"

"நான்தான்."

"நீங்க நல்லா இருப்பீங்களா? பெத்த வயிறு எரியுதே!"

அவர் கோபப்படவில்லை. "முதல்ல வச்ச பேர்தான் நிக்கும்மா. அதுதான் விதி. குஞ்சுக்குத்தான் முதல்ல பேர் வச்சாங்க. இனிமே பெரிசுக்கும் உங்க பொண்ணு பேர்தான்."

அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அந்த ஊழியர் வந்தார்.

"பெரிசுக்கு வச்சிருந்த உங்க பேரைக் கழட்டிட்டேன் சார். அந்தப் பொண்ணு பேரை இப்பவே மாட்டிடவா?"